ஆடும் பல்லை மேசைமேல் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி வைப்பதைத்தான் ஸ்பிளிண்ட் போடுவது என்கிறோம். அடிபட்டு ஆடும் பல்லாக இருக்கலாம், ஈறு நோயால் எலும்பு கரைந்து ஆடும் பல்லாகவும் இருக்கலாம். எந்தக் கம்பி நல்லது, எத்தனை பல் வரை கட்ட வேண்டும் என்பதையெல்லாம் நோயாளியின் வாயில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் மேசைமேல் ஒரு தாடையைச் செய்து, அதில் ஆடும் பல்லை நட்டுச் சோதிக்கிறோம். இந்த நடும் வேலையில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். ஆய்வேடு எழுதும் முதுநிலை மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிடுங்கிய பல்லை அக்ரிலிக்கில் புதைத்து வைத்தால் போதாதா?

பல்லை வெட்டிப் பார்க்கவும், அடைப்பு போட்டுப் பழகவும் போதும். ஆட்டத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் போதாது.

வாயில் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் பற்குழிக்கும் நடுவே பெரியோடாண்டல் லிகமெண்ட் என்ற மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. அதன் தடிமன் 0.15 முதல் 0.38 மி.மீ. வரை, வேரின் நடுப்பகுதியில் ஒடுங்கி, மேலும் கீழும் அகன்று, ஏறக்குறைய உடுக்கை வடிவில் இருக்கும். பல் அசைவதும், அசைந்தபின் தன் இடத்துக்குத் திரும்புவதும் இந்தப் படலத்தால்தான். அக்ரிலிக்கில் நேரடியாகப் புதைத்த பல்லுக்கு இது இல்லை. அதன்மேல் எந்த ஸ்பிளிண்ட் போட்டாலும் எல்லாமே பிரமாதமாக வேலை செய்வதாகத் தோன்றும், ஏனென்றால் ஸ்பிளிண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

முறிவுச் சோதனைகளிலும் இதே கதைதான். 2005-இல் பிரேசிலிய ஆய்வாளர்கள் மாட்டின் வெட்டுப்பற்களை வெவ்வேறு பொருள்களில் புதைத்து உடைத்துப் பார்த்தார்கள். செயற்கைப் படலம் வைத்தபோது முறியும் விதமே மாறியது. அதற்குப் பிறகு படலம் இல்லாத மாதிரியோடு வரும் ஆய்வேட்டைத் தேர்வாளர் சும்மா விடமாட்டார்.

ஆரோக்கியமான பல்லும் ஆடுமா? எவ்வளவு?

ஆடும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சூரிச்சில் ம்யூலமான் 1950-களில் இதை நுண்ணளவியால் அளந்தார். அவர் 500 கிராம் விசையில் அளந்த கணக்குப்படி வெட்டுப்பற்கள் 0.10–0.12 மி.மீ., கோரைப்பற்கள் 0.05–0.09, முன்கடைவாய்ப் பற்கள் 0.08–0.10, கடைவாய்ப் பற்கள் 0.04–0.08 மி.மீ. நகர்ந்தன.

இந்த எண்களைவிட அவர் கண்ட இன்னொன்றுதான் நமக்கு முக்கியம். விசையை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் முதல் 100 கிராம் வரை பல் எளிதாக நகர்கிறது. அதற்குப் பிறகு சட்டென்று இறுகிவிடுகிறது. முதல் கட்டத்தில் சுருண்டிருக்கும் நார்கள் நீள்கின்றன, படலத்துக்குள் இருக்கும் நீர்மம் இடம் மாறுகிறது. இரண்டாம் கட்டத்தில் நார்கள் முழுக்க விறைத்துவிட, எலும்பே வளையத் தொடங்குகிறது. அதாவது ஒரே பல்லுக்கு இரண்டு கடினங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படலத்துக்குப் பதிலாக வைக்கும் ரப்பரைப் பற்றிப் பேசும்போது திரும்பி வருவோம்.

இன்னொரு சுவாரசியம்: காலையில் எழுந்தவுடன் பல் கூடுதலாக ஆடும், பகல் போகப்போகக் குறையும். மேசைமேல் இருக்கும் மாதிரிக்கு இந்த வம்பு இல்லை.

மாதிரியில் "இரண்டாம் கிரேடு ஆட்டம்" என்று எழுதினால் ஏற்பார்களா?

வாயில் பார்ப்பதற்கு மில்லர் கிரேடு நல்ல கருவி. இரண்டு கருவிப் பிடிகளுக்கு நடுவே பல்லைப் பிடித்து அசைத்துப் பார்க்கிறோம். லேசாகத் தட்டுப்பட்டால் ஒன்று, 1 மி.மீ. வரை நகர்ந்தால் இரண்டு, அதற்கு மேல் போனாலோ குழிக்குள் அமுங்கினாலோ சுழன்றாலோ மூன்று.

மாதிரியில் இதை மட்டும் நம்பினால் வம்பு. கையின் அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு, அதே ஆளுக்குக் காலைக்கும் மாலைக்கும் வேறு. ஸ்பிளிண்ட் போட்டபின் "ஆட்டம் குறைந்தது" என்று சொல்ல, போடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்ற எண் வேண்டும். கிரேடை விளக்கத்துக்காக எழுதுங்கள். கணக்கை எண்ணில் வையுங்கள்.

அந்த எண்ணை எதால் எடுப்பது?

பல்லாட்ட ஆய்வுகளில் அதிகம் காணப்படுவது பீரியோடெஸ்ட். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஷுல்ட்டே தலைமையிலான குழு 1980-களில் உருவாக்கிய கருவி. பார்க்கப் பல் மருத்துவரின் கைப்பிடிக் கருவி மாதிரியே இருக்கும். உள்ளே 8 கிராம் எடையுள்ள சின்னத் தண்டு ஒன்று பல்லை 4 நொடிகளில் 16 தடவை தட்டும். ஒவ்வொரு தட்டிலும் தண்டு எவ்வளவு நேரம் பல்லைத் தொட்டுக்கொண்டு இருந்தது என்பதைக் கருவி அளக்கிறது. உறுதியான பல் தண்டை உடனே திருப்பி அனுப்பும், ஆடும் பல் சற்று உள்வாங்கிவிட்டுத்தான் அனுப்பும். அந்தத் தொடுநேரம் –8 முதல் +50 வரையிலான எண்ணாகிறது. பழைய கருவிகள் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லும், நள்ளிரவில் தனியாக அளந்துகொண்டிருப்பவருக்கு ஒரு பேச்சுத்துணை.

எண்ணைப் படிக்கும் விதம் இது: –8 முதல் 9 வரை உறுதியான பல். 10 முதல் 19 வரை தொட்டால் தெரியும் ஆட்டம். 20 முதல் 29 வரை கண்ணுக்கே தெரியும். 30-க்கு மேல் உதடும் நாக்கும் பட்டாலே அசையும் பல்.

அளக்கும்போது கருவி கிடைமட்டமாக, பல்லின் பரப்புக்குச் செங்குத்தாக, தலைப்பகுதியின் நடுவில், பல்லிலிருந்து 0.7 முதல் 2 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கையில் பிடித்து அளப்பதைவிட ஒரு தாங்கியில் பொருத்திவிடுவது நல்லது. தட்டும் இடத்தைப் பல்லில் பேனாவால் குறித்து வையுங்கள். ஒரு மி.மீ. மேலே போனாலும் நெம்புகோல் நீளம் மாறி எண் மாறும்.

பீரியோடெஸ்ட் எண் 10-லிருந்து 20 ஆனால் இரண்டு மடங்கு ஆட்டமா?

இல்லை. தொடுநேரத்தை எண்ணாக்கும் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை. "ஆட்டம் 50 சதவீதம் குறைந்தது" என்று எழுதாதீர்கள். "பீரியோடெஸ்ட் எண் 50 சதவீதம் குறைந்தது" என்று எழுதுங்கள். ஒரு சொல் வித்தியாசம்தான், ஆனால் முதலாவது பொய்.

சரி, படலத்தை எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

வழக்கமான வழி மெழுகில் தோய்ப்பது. பல்லின் தலையும் வேரும் சேரும் கோட்டிலிருந்து 2 மி.மீ. கீழே பென்சிலால் சுற்றி ஒரு கோடு போடுங்கள். ஆரோக்கியமான வாயில் எலும்பு விளிம்பு ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். முதலில் வேரின் விட்டத்தைக் காலிப்பரால் இரண்டு மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோடு வரை வேரை உருகிய மெழுகில் தோய்த்து எடுங்கள். மெழுகின் தடிமன் 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். ஆறியபின் மறுபடி அளந்து, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் ஒரு பக்கத்துத் தடிமன் கிடைக்கும். மெழுகு அதிகச் சூடாக இருந்தால் படலம் மெலியும், சூடு குறைந்தால் கட்டிகட்டியாக ஏறும். முதல் பத்துப் பல் வீணாகும் என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

மெழுகு பூசிய பல்லை அச்சுக்குள் நேராக நிறுத்தி, சுற்றிலும் அக்ரிலிக் ஊற்ற வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தானாக இறுகும் அக்ரிலிக் இறுகும்போது நன்றாகச் சூடாகும். அந்தச் சூட்டில் மெழுகு உருகி ஒரு பக்கம் வடிந்துவிடும், பல்லும் சாயும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சிறு அளவுகளாக ஊற்றுவதும், அச்சைக் குளிர்ந்த நீரில் வைப்பதும் உதவும். சூடு குறைவாக வரும் எபாக்சி கிடைத்தால் இன்னும் நல்லது.

இறுகியபின் பல்லை உருவி எடுத்து, குழியிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் மெழுகை வெந்நீரால் முழுக்கக் கழுவுங்கள். மெழுகுப் பிசுக்கு மிச்சமிருந்தால் அடுத்து வைக்கும் பொருள் ஒட்டாது. இரண்டு பரப்பிலும், பல் அளவெடுக்கும் தட்டுக்கு (ட்ரே) பூசும் ஒட்டுப்பசையை மெல்லிசாகப் பூசி உலரவிட்டு, பல் அளவெடுக்கும் ரப்பர்ப் பொருளைக் குழியில் வைத்து, பல்லைப் பழைய இடத்துக்கே அழுத்துங்கள்.

அழுத்தும்போது பல் முழுசாக இறங்காமல் துள்ளிக்கொண்டு மேலே வரும். குழியின் அடியில் காற்றும் மிகுந்த பொருளும் மாட்டிக்கொண்டதுதான் காரணம். அதற்கு அக்ரிலிக்கின் அடிப்பக்கமாக வேர்நுனிக்கு நேரே ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள், மிச்சம் அதன்வழியே வெளியேறும். பென்சில் கோடு அக்ரிலிக் விளிம்போடு சேரும்வரை அழுத்திப் பிடித்து, வெளியே பிதுங்கியதை இறுகியபின் கூரிய கத்தியால் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் அந்தப் பிதுங்கலே ஒரு முட்டு மாதிரி பல்லைத் தாங்கும்.

அந்த ரப்பர்ப் பொருள் பாலிஈதரா, சிலிக்கானா?

முறிவுச் சோதனைகளில் பாலிஈதர்தான் பழக்கமானது. கட்டுரைகளில் இம்ப்ரிகம் என்ற அதன் வணிகப் பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆனால் பாலிஈதர் நீரை உறிஞ்சி ஊதும். மாதிரியை வாரக்கணக்கில் நீரில் ஊற வைக்கவோ, 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாறி மாறி முக்கவோ போகிறீர்கள் என்றால் முதல் நாள் அளவும் கடைசி நாள் அளவும் ஒரே படலத்தின் அளவாக இருக்காது. அப்படிப்பட்ட வேலைக்கு நான் அடிஷன் சிலிக்கானைத்தான் எடுப்பேன். மாவுபோல் கெட்டியானது வேண்டாம், நீர்த்தது போதும். முறிவுச் சோதனையை ஒரே நாளில் முடிப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

உண்மையான படலத்தின் கடினம் எவ்வளவோ, அதற்குச் சமமான ரப்பரை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கடினத்துக்கு ஆய்விதழ்களில் வந்திருக்கும் மீள்மை மதிப்புகள் 0.01 மெகாபாஸ்கலில் தொடங்கி 1,750 மெகாபாஸ்கல் வரை போகின்றன. அளந்த முறை, விசை, வேகம் எல்லாம் சேர்ந்து இந்தக் கூத்து. ஆகவே பொருளின் எண்ணைத் துரத்தாமல், நட்ட பல்லின் ஆட்டம் வாயில் இருக்கும் ஆட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இது ஆரோக்கியமான பல். ஆடும் பல்லாக்க என்ன செய்ய வேண்டும்?

மூன்று வழிகள் இருக்கின்றன. ரப்பரை மென்மையாக்கலாம், படலத்தைத் தடிப்பாக்கலாம், குழியின் ஆழத்தைக் குறைக்கலாம். மூன்றும் ஒரே ஆட்டத்தைத் தருவதில்லை.

பந்தக்கால் நட்டவர்களுக்கு மூன்றாவது வழி சொல்லாமலே புரியும். முழ ஆழக் குழியில் நிற்கும் காலுக்கும் அரை முழக் குழியில் நிற்கும் காலுக்கும் உறுதியில் இரண்டு மடங்கு வித்தியாசம் அல்ல. சுற்றிலும் ஒரே சீரான மெத்தை இருக்கிறது, கால் வளையாது என்று வைத்துக்கொண்டால், சாய்வதை எதிர்க்கும் பலம் புதைந்த நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. நீளம் பாதியானால் பலம் எட்டில் ஒன்று. பல்லுக்கும் இதே கணக்கை ஏறக்குறைய வைக்கலாம். மேல் நடு வெட்டுப்பல்லின் வேர் சுமார் 13 மி.மீ. ஆரோக்கியமாக இருக்கும்போது அதில் 11 மி.மீ. எலும்புக்குள் இருக்கிறது. எலும்பு கரைந்து 5.5 மி.மீ. மட்டும் மிஞ்சினால் குழியின் பிடி எட்டில் ஒன்றாகிவிடும். போதாததற்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதி நீண்டுவிட்டதால் நெம்புகோலும் நீள்கிறது. வேர் நுனியை நோக்கி ஒல்லியாவதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஈறு நோயால் ஆடும் பல்லைப் பற்றியது உங்கள் ஆய்வு என்றால் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும். அந்த நோயில் நடப்பதும் இதுதான். பல் சுழலும் மையமும் வேர்நுனிப் பக்கம் இறங்குகிறது. அடிபட்டு ஆடும் பல் வேறு விஷயம். அங்கே எலும்பு உயரம் அப்படியே இருக்கும், நார்கள்தான் அறுந்திருக்கும். அதற்குக் குழியை ஆழமாகவே விட்டு, படலத்தைத் தடிப்பாகவும் மென்மையாகவும் செய்வது பொருத்தம். இரண்டு மாதிரியும் பீரியோடெஸ்டில் 30 என்று காட்டலாம். ஆனால் ஸ்பிளிண்ட் போட்டுக் கடிக்க விட்டால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

படலத்தை 0.2-லிருந்து 0.4 மி.மீ. ஆக்கினால் ஆட்டம் இரண்டு மடங்காகுமா?

அதைவிட அதிகமாகும், சில சமயம் பல மடங்கு. ரப்பர் வடிவம் மாறும், ஆனால் கனஅளவு கிட்டத்தட்ட மாறாது. இரண்டு கடினப் பரப்புகளுக்கு நடுவே ஒட்டிக்கிடக்கும் மெல்லிய ரப்பரை நசுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கித்தான் வழிவிட வேண்டும், பிதுங்க இடமில்லை. ஆகவே மெல்லிசாக ஆக ஆக அது எதிர்பார்த்ததைவிட வேகமாக விறைக்கிறது. தோய்க்கும்போது ஒரு பல்லுக்கு 0.2, இன்னொன்றுக்கு 0.3 என்று ஏறினால் அளவுகள் ஏன் சிதறுகின்றன என்பதற்கு இதுதான் விடை. வாயில் இருக்கும் படலத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் நீர்மம் எலும்பின் நுண்துளைகள் வழியே வெளியேற முடியும்.

அந்த இரண்டு கட்ட அசைவை ரப்பரால் கொண்டுவர முடியுமா?

ஒழுங்காக முடியாது. ஒரே ரப்பர் ஏறக்குறைய ஒரே கடினத்தோடுதான் அசையும். முதல் கட்டத்துக்குப் பொருத்தினால் பெரிய விசையில் பல் அதிகமாக ஆடும்; இரண்டாம் கட்டத்துக்குப் பொருத்தினால் சிறு விசையில் கட்டையாக நிற்கும். ஆகவே உங்கள் சோதனை எந்த விசையில் நடக்கிறதோ அந்த விசையில் சரியாக இருக்கும்படி மாதிரியைச் செய்து, அந்த விசையை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

வேகமும் சேர்த்துத்தான். ரப்பர் சட்டென்று தட்டினால் கடினமாகவும், மெதுவாகத் தள்ளினால் இளகியும் நடக்கும். பீரியோடெஸ்ட் மில்லிநொடிகளில் தட்டுகிறது. விசைச் சோதனை இயந்திரம் நிதானமாகத் தள்ளுகிறது. முதலாவதில் உறுதியாகத் தெரிந்த பல் இரண்டாவதில் ஆடினால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள்.

கடையில் விற்கும் டைப்போடாண்டில் (பற்களைத் திருகிப் பொருத்திய பயிற்சித் தாடை) திருகைத் தளர்த்திவிட்டால் ஆடுகிறதே, அது ஆகாதா?

மாணவர்கள் கம்பி கட்டிப் பழகுவதற்கு ஆகும். அளப்பதற்கு ஆகாது. தளர்ந்த திருகில் பல் கொஞ்ச தூரம் தடையே இல்லாமல் நகர்ந்து, பிறகு டக்கென்று முட்டி நிற்கும். கீல் கழன்ற கதவு ஆடுகிற ஆட்டம் அது. வாயில் இருக்கும் ஆடும் பல்லோ சேற்றில் ஊன்றிய மூங்கில் மாதிரி: எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்க்கும், விட்டால் திரும்பி வரும். கீல் ஆட்டத்தைப் பீரியோடெஸ்டில் அளந்தால் அடுத்தடுத்த இரண்டு அளவுகள்கூட ஒத்துப்போகாது.

திருகை வைத்தே நல்ல மாதிரி செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் குழு, ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய செயற்கை மாதிரியில் அடிபட்ட பற்களுக்கான ஸ்பிளிண்டுகளை ஒப்பிட்டது. பிடுங்கிய பல் தேவையில்லை, ஒரே மாதிரியில் ஒவ்வொரு ஸ்பிளிண்டாகப் போட்டுக் கழற்றலாம், ஆட்டத்தை அதே அளவுக்குத் திரும்பக் கொண்டுவரலாம். பட்டறை வசதி இருந்தால் எனக்கும் இந்த வழிதான் பிடிக்கும்.

மனிதப் பல்லா, மாட்டுப் பல்லா? எப்படிப் பாதுகாப்பது?

ஆட்டத்தை மட்டும் அளப்பதென்றால் வேரின் வடிவம்தான் முக்கியம், அதனால் மனிதப் பல் மேல். பசை ஒட்டும் பலத்தையும் பார்ப்பதாக இருந்தால் மாட்டு வெட்டுப்பல் நல்ல மாற்று. பெரியது, தட்டையானது, ஒரே வயதில் நிறையக் கிடைக்கும். மனிதப் பல்லுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிவிடுங்கள், யாருடைய பல் என்ற அடையாளம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது.

பிடுங்கிய பல்லை உலரவிட்டால் விரிசல் விடும். 0.5 சதவீத குளோரமின்-டி கரைசலிலோ 0.1 சதவீத தைமால் கரைசலிலோ 4 டிகிரி குளிரில் வைப்பது வழக்கம். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் போடுவதற்கு முன் அமால்கம் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போடவே கூடாது, சூட்டில் பாதரச ஆவி கிளம்பும்.

முப்பரிமாண அச்சில் குழியையும் பல்லையும் அடித்துவிட்டால் மெழுகுத் தொல்லை இல்லையே?

இல்லைதான். ஸ்கேன் எடுத்த வேரை மென்பொருளில் 0.25 மி.மீ. ஊதவைத்து அதையே குழியாக வெட்டிவிடலாம், உடுக்கை வடிவத்தைக்கூடக் கொண்டுவரலாம். ஆனால் அச்சுப்பொறி 0.1 மி.மீ. பிசகினால் 0.25 மி.மீ. இடைவெளியில் அது 40 சதவீதப் பிசகு. மெல்லிய ரப்பரின் குணத்தை மேலே பார்த்தோம். அச்சடித்தபின் குழியை அளந்து சரிபார்க்காமல் ரப்பரை ஊற்றாதீர்கள்.

ஸ்பிளிண்டின் பலனை எப்படிக் கணக்கிடுவது?

போடுவதற்கு முன் எடுத்த பீரியோடெஸ்ட் எண்ணிலிருந்து போட்டபின் எடுத்ததைக் கழியுங்கள். அதை முன் எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம். 36 இருந்தது 12 ஆனால் வித்தியாசம் 24, சதவீதம் 66 சொச்சம். இரண்டையும் எழுதுங்கள். ஏற்கெனவே உறுதியாக இருந்த பல்லில் 4 என்பது 2 ஆனாலும் 50 சதவீதம்தான் வரும்; சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

எண் குறையக் குறைய நல்லது என்ற எண்ணமும் தவறு. பல் அடிபட்ட காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் 0.4 மி.மீ. வரை விட்டமுள்ள கம்பியில் நெகிழும் ஸ்பிளிண்டைப் போடச் சொல்கிறது. கழன்று விழுந்த பல்லைத் திரும்ப நட்டால் 2 வாரம், பக்கவாட்டில் நகர்ந்த பல்லுக்கு 4 வாரம். இறுகக் கட்டினால் வேர் எலும்போடு ஒட்டிப்போகும் ஆபத்து கூடும் என்பதால்தான் இந்த நெகிழ்வு. 2001-இல் வெளிவந்த டைட்டேனியம் ஸ்பிளிண்ட் 0.2 மி.மீ. தடிமன்தான். ஆகவே அடிபட்ட பல்லின் எண்ணை ஆரோக்கிய வரம்புக்குள் இறக்கி, பக்கத்துப் பற்களின் எண்ணை அதிகம் மாற்றாமல் விடுவதே நல்ல ஸ்பிளிண்ட். பக்கத்துப் பற்களையும் கட்டாயம் அளங்கள்.

கம்பி மாற்றும்போது ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: உருண்டைக் கம்பியின் வளையா விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 0.3-லிருந்து 0.4 மி.மீ. போனால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

ஒரே பல்லை 30 தடவை அளந்தால் மாதிரி எண்ணிக்கை 30 ஆகுமா?

ஆகாது. அது ஒன்றுதான். 30 அளவும் உங்கள் கை எவ்வளவு நிதானம் என்பதைத்தான் சொல்லும்.

அளவுகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. எங்கே தேடுவது?

முதலில் மேசையில். என் முதல் மாதிரியில் மூன்று வாரம் அளந்த எண்களைக் குப்பையில் போட்டேன். பல்லும் படலமும் சரியாகவே இருந்தன. அக்ரிலிக் கட்டையைப் பிடித்திருந்த பிடிப்பான்தான் லேசாகத் தளர்ந்திருந்தது. தண்டு தட்டும்போதெல்லாம் பல்லோடு கட்டையும் சேர்ந்து ஆடியிருக்கிறது. இப்போது கனமான உலோக அடித்தட்டில் திருகி வைக்கிறேன். தினமும் வேலை தொடங்கும் முன், ரப்பர் இல்லாமல் அக்ரிலிக்கில் நேரடியாகப் புதைத்த ஒரு பல்லை அளக்கிறேன். அதன் எண் மாறினால் அன்று மற்ற எதையும் அளப்பதில்லை.

அடுத்தது வெப்பம். ஏசி ஓடும் அறையிலும் மே மாத மதியத்திலும் ரப்பர் ஒன்றல்ல. முடிந்தால் 37 டிகிரியில் அளங்கள், முடியாவிட்டால் ஒரே வெப்பத்தில். மூன்றாவது பசை: ரப்பர் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போயிருந்தால், அந்தப் பக்கம் தள்ளும்போது ஓர் எண்ணும் எதிர்ப்பக்கம் தள்ளும்போது இன்னொரு எண்ணும் வரும். உதட்டுப் பக்கமும் நாக்குப் பக்கமும் அளந்து பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

இம்ப்ளாண்டின் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) உறுதியை அளக்கும் ஆஸ்டெல் கருவியை இதற்கும் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அதற்கு இம்ப்ளாண்டில் திருகும் முளை வேண்டும். இயற்கைப் பல்லில் எங்கே திருகுவது?

ஒரே மாதிரியை எத்தனை ஸ்பிளிண்டுகளுக்குப் பயன்படுத்தலாம்?

பற்பரப்பைக் கெடுக்காமல் பசையை எடுக்க முடிகிற வரை. ஒவ்வொரு ஸ்பிளிண்டையும் கழற்றியபின் வெறும் பல்லை மறுபடி அளந்து, தொடக்க எண்ணுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் ரப்பர் கிழிந்திருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது, பல்லை உருவிப் படலத்தைப் புதிதாக வையுங்கள். ஸ்பிளிண்டுகளைப் போடும் வரிசையை ஒவ்வொரு மாதிரிக்கும் சீட்டுக் குலுக்கி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாகப் போட்ட ஸ்பிளிண்டின் தலையில் தேய்ந்துபோன ரப்பரின் பழியும் விழும்.